எந்த வரியில் நின்றது? நுண்கணித வீட்டுப்பாடம் சிக்கும்போது பார்க்க வேண்டியவை

இரவு பதினொரு மணிக்கு மேல் எனக்கு வரும் செய்திகளில் பாதி ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு கேள்வியின் படம், கீழே "ஹெல்ப்" என்று ஒரு சொல். நான் திருப்பிக் கேட்பதும் எப்போதும் ஒன்றுதான்: எந்த வரியில் நின்றது? அதற்குப் பதில் வந்துவிட்டால் மீதி ஐந்து நிமிட வேலை. பதில் வராவிட்டால், முழுக் கணக்கையும் போட்டுக் காட்டினாலும் அடுத்த கணக்கில் அதே இடத்தில் வண்டி நிற்கும்.

அதனால் இதைப் பாடவாரியாக எழுதாமல் அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு நடப்பது எதுவோ, நேராக அந்தத் தலைப்புக்குப் போகலாம். குறியீடு பற்றி ஒரு சொல்: ஒய்′ என்றால் ஒய்-இன் வகைக்கெழு, ஒய்″ என்றால் இரண்டாம் வகைக்கெழு, ^ என்றால் அடுக்கு, இ என்றால் 2.718 என்று தொடங்கும் அந்த எண், லாக் என்றால் இ-ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கை.

கேள்வியைப் பார்க்கிறேன், கையே ஓடவில்லை

இதில் இரண்டு வேறு வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. எது உங்களுடையது என்று முதலில் பாருங்கள். கேள்வியை மூடிவைத்துவிட்டு, என்ன கேட்கிறார்கள், விடை என்ன வடிவில் இருக்கும் என்று உங்கள் சொற்களில் சொல்லிப் பாருங்கள். விடை ஓர் எண்ணா, ஒரு சார்பா, அல்லது மாறிலி மாறும்போது உருமாறும் ஒரு சார்புக் கூட்டமா? இதைச் சொல்ல முடியவில்லை என்றால் சிக்கல் கணக்கில் இல்லை, சொற்களில் இருக்கிறது. வகைக்கெழுச் சமன்பாட்டுக்கு (தெரியாத ஒரு சார்பும் அதன் வகைக்கெழுவும் சேர்ந்து வரும் சமன்பாடு) விடை ஒரு சார்பு என்பது மனதில் பதியாமல், பள்ளிக் கணக்கு மாதிரி "எக்ஸ் எவ்வளவு" என்று தேடுபவர்கள் நிறையப் பேர். வரையறைப் பக்கத்துக்குத் திரும்பிப் போய் அரை மணி நேரம் செலவழிப்பதுதான் இதற்கு மருந்து. இந்த நிலையில் தீர்வைக் கேட்டு வாங்குவதில் பயனே இல்லை.

கேள்வி புரிகிறது, ஆனால் எந்த முறையைப் போடுவது என்று தெரியவில்லை என்றால் அது வேறு கோளாறு: வகை பிடிபடவில்லை. முதல் வரிசைச் சமன்பாடு (ஒய்′ வரை மட்டும் வருவது) என்றால் நான் இந்த வரிசையில் கேட்டுக்கொள்வேன். ஒய் எல்லாம் ஒரு பக்கம், எக்ஸ் எல்லாம் மறுபக்கம் என்று பிரிக்க முடியுமா? முடியாதென்றால், ஒய்-யும் ஒய்′-உம் ஒன்றையொன்று பெருக்காமல், முதல் அடுக்கில் மட்டும் வருகின்றனவா? அப்படியானால் அது நேரியல், தொகையீட்டுக் காரணி (இடப்பக்கம் ஒரே வகைக்கெழுவாக மடங்குவதற்காக இரு பக்கமும் பெருக்கும் சார்பு) போதும். அதுவும் இல்லையென்றால், வலப்பக்கத்தை ஒய்/எக்ஸ் என்ற விகிதத்தை மட்டும் வைத்து எழுத முடியுமா? முடிந்தால் அது சமபடித்தான சமன்பாடு, அந்த விகிதத்தையே புதிய மாறியாக வைத்துவிடலாம். நேரியல் சமன்பாடு போலவே இருந்து கூடவே ஒய்-இன் வேறோர் அடுக்கு ஒட்டிக்கொண்டிருந்தால் அது பெர்னூலிச் சமன்பாடு. இவை எதிலும் சேராவிட்டால் மட்டும் 'சரிநுட்பமானதா' (முழுச் சமன்பாடும் எக்ஸ், ஒய் இரண்டும் கொண்ட ஒரே சார்பின் வகையீடாக மடங்குகிறதா) என்று சோதிக்கப் போவேன். இரண்டாம் வரிசை, கெழுக்கள் மாறிலிகள் என்றால் யோசிக்கவே வேண்டாம். துணைச் சமன்பாட்டை (ஒய்″, ஒய்′, ஒய்-க்குப் பதில் எம்², எம், 1 போட்டுக் கிடைக்கும் இருபடிச் சமன்பாடு) எழுதி மூலங்களைப் பாருங்கள்.

இதற்கு ஒரு பயிற்சி உண்டு, யாரும் செய்வதில்லை. இருபது கணக்குகளை எடுத்துக்கொண்டு எதையும் தீர்க்காமல் ஒவ்வொன்றின் பக்கத்திலும் வகையின் பெயரை மட்டும் எழுதுங்கள். கால் மணி நேரம் ஆகும். பாடப்பகுதியின் கீழே வரும் பயிற்சியில் வகை ஏற்கெனவே தலைப்பிலேயே எழுதியிருக்கும். தேர்வுத்தாளில் அந்தத் தலைப்பு இருக்காது. அதனால் இருபதையும் பல பகுதிகளிலிருந்து கலந்து எடுக்க வேண்டும்.

தொகையிடலுக்கும் இதே கதைதான். உள்ளே இருக்கும் சார்பின் வகைக்கெழு வெளியே பெருக்கலில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். நின்றால் பிரதியிடல். வேறு வேறு இனத்துச் சார்புகளின் பெருக்கல் என்றால் பகுதித் தொகையிடல். பல்லுறுப்புக்கோவைகளின் பின்னம் என்றால் பகுதிப் பின்னங்கள், ஆனால் அதற்கு முன் மேலே இருப்பதன் படி கீழே இருப்பதைவிடக் குறைவா என்று பார்த்தே ஆக வேண்டும். குறைவில்லை என்றால் முதலில் வகுத்துவிடுங்கள்.

எல்லாம் செய்தும் வரவில்லையா? கேள்வியைச் சரியாகப் பார்த்து எழுதினீர்களா என்று ஒருமுறை பாருங்கள். எக்ஸ்·இ^(−எக்ஸ்²) இரண்டு வரியில் முடியும். முன்னால் இருக்கும் அந்த எக்ஸ்-ஐ விட்டுவிட்டு இ^(−எக்ஸ்²) என்று எழுதிவிட்டால் ஆயுள் முழுக்க உட்கார்ந்தாலும் வராது. அதன் தொகையை நமக்குப் பழக்கமான சார்புகளால் எழுதவே முடியாது என்பதை 19-ஆம் நூற்றாண்டிலேயே லியூவில் என்ற பிரெஞ்சுக் கணிதர் நிறுவிவிட்டார். இரட்டைத் தொகையில் அப்படி ஒன்று வந்தால் தொகையிடும் வரிசையை மாற்றச் சொல்கிறார்கள், அல்லது துருவ ஆயங்களுக்குப் போகச் சொல்கிறார்கள் என்று பொருள்.

என் விடை வேறு, விடைப் பக்கத்தில் இருப்பது வேறு

அழிப்பதற்கு முன் நிறுத்துங்கள். சரியான விடையை அழித்துவிட்டுத் தப்பான விடையைத் தேடி ஒரு மணி நேரம் போக்கியவர்களை எனக்குத் தெரியும்.

சைன் எக்ஸ் · காஸ் எக்ஸ் என்பதைத் தொகையிடுங்கள். ஒருவர் சைனைப் பிரதியிட்டு (சைன்² எக்ஸ்)/2 என்று கொண்டுவருவார். இன்னொருவர் காஸைப் பிரதியிட்டு −(காஸ்² எக்ஸ்)/2 என்பார். மூன்றாமவர் இரட்டைக் கோண வாய்ப்பாட்டைப் போட்டு −(காஸ் 2எக்ஸ்)/4 என்று எழுதுவார். மூன்றும் சரி. பார்வைக்குத்தான் வேறு, ஒன்றுக்கொன்று ஒரு மாறிலி வித்தியாசம், அவ்வளவுதான். தொகையிட்டதும் மாறிலியாகச் சேர்க்கும் அந்த + சி-யை வெறும் சடங்காக நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கை நான் கட்டாயம் காட்டுவேன்.

சோதிப்பது எளிது. உங்கள் விடையிலும் அவர்கள் விடையிலும் எக்ஸ் = 0 போட்டு வித்தியாசத்தை எழுதுங்கள். பிறகு எக்ஸ் = 1 போடுங்கள். மேலே உள்ள முதல் விடைக்கும் மூன்றாவது விடைக்கும் 0-இல் வித்தியாசம் 0.25. 1-இல் 0.35404-க்கும் 0.10404-க்கும் இடையே மறுபடி அதே 0.25. இப்படி இரண்டு மூன்று இடங்களில் வித்தியாசம் ஒன்றாகவே இருந்தால் இரண்டும் ஒரே விடைதான் என்று அநேகமாக நம்பலாம். மாறினால் எங்கோ தப்பு இருக்கிறது. எடுக்கும் எண்கள் சார்பு உடையாத ஒரே இடைவெளிக்குள் இருக்க வேண்டும். நடுவில் சார்பு வரையறுக்கப்படாத புள்ளி ஒன்று இருந்தால், அதன் இரு பக்கமும் மாறிலி வேறு வேறாக இருக்கலாம்.

இதைவிட உறுதியான சோதனை, உங்கள் விடையை வகையிட்டுக் கேள்வி திரும்பி வருகிறதா என்று பார்ப்பது. வகைக்கெழுச் சமன்பாட்டில் தீர்வைச் சமன்பாட்டிலேயே கொண்டுபோய்ப் போடுவது. வேறு எந்தப் பாடத்திலும் விடையை இவ்வளவு சுலபமாகத் தானே சரிபார்த்துக்கொள்ள முடியாது. அப்படி இருந்தும் "என் விடை சரியா?" என்று கேட்டு ராத்திரி முழுக்கக் காத்திருக்கிறார்கள்.

தொடக்க நிபந்தனையைப் போட்டதும் எல்லாம் கலைந்துவிடுகிறது

நான் பார்க்கும் தப்புகளில் இது முதல் மூன்றில் ஒன்று. ஒய்′ = 2எக்ஸ்·ஒய், எக்ஸ் = 0 ஆகும்போது ஒய் = 3. பிரித்துத் தொகையிட்டால் லாக்|ஒய்| = எக்ஸ்² + சி. இதுவரை எல்லோரும் சரி. சிலர் இந்த வரியில் சி-யை எழுத மறந்து, ஒய் = இ^(எக்ஸ்²) என்று மாற்றிய பிறகு ஞாபகம் வந்து, கடைசியில் + சி ஒட்டுகிறார்கள். நிபந்தனையைப் போட்டால் சி = 2, ஆகவே ஒய் = இ^(எக்ஸ்²) + 2. நிபந்தனைக்குப் பொருந்துகிறது, அதனால் சந்தேகமே வராது. சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள்: இடப்பக்கம் 2எக்ஸ்·இ^(எக்ஸ்²), வலப்பக்கத்தில் கூடவே ஒரு 4எக்ஸ் தொங்கும். பொருந்தவில்லை.

மாறிலி தொகையிட்ட அந்த வரியிலேயே பிறக்க வேண்டும். அதன் பிறகு செய்யும் எல்லாமே அதையும் பாதிக்கும். அடுக்குக்குக் கொண்டுபோகும்போது + சி என்பது பெருக்கும் மாறிலியாக மாறிவிடும்: ஒய் = ஏ·இ^(எக்ஸ்²), ஏ = 3. அந்த வரியில் சி-யைச் சிவப்பு மையில் எழுதிப் பழகச் சொல்வேன். சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும், ஆனால் வேலை செய்கிறது.

இரண்டாம் வரிசையில் இதன் உடன்பிறப்பு ஒன்று உண்டு. வலப்பக்கம் 0 இல்லாத சமன்பாட்டில், நிரப்புச் சார்பைக் (வலப்பக்கத்தை 0 என்று வைத்தால் கிடைக்கும் தீர்வு) கண்டுபிடித்த உடனேயே நிபந்தனைகளைப் போட்டு மாறிலிகளைக் கணக்கிட்டுவிடுவது. கூடாது. சிறப்புத் தீர்வையும் (வலப்பக்கத்தோடு பொருந்தும் ஏதாவது ஒரு தீர்வு) சேர்த்து, முழுப் பொதுத் தீர்வு கையில் வந்த பிறகுதான் நிபந்தனை.

யூகித்த தீர்வைப் போட்டால் 0 = இ^எக்ஸ் என்று வருகிறது

பதற வேண்டாம், கூட்டல் கழித்தலில் தப்பில்லை. ஒய்″ − ஒய் = இ^எக்ஸ் என்ற சமன்பாட்டின் சிறப்புத் தீர்வு ஏ·இ^எக்ஸ் என்று யூகித்திருப்பீர்கள். அது ஏற்கெனவே நிரப்புச் சார்பின் வீட்டில் குடியிருக்கிறது. இடப்பக்கம் அதைச் சுழியாக்கிவிடும், ஏ எவ்வளவாக இருந்தாலும் சரி. எக்ஸ்-ஆல் பெருக்குங்கள்: ஏ·எக்ஸ்·இ^எக்ஸ். இரண்டு முறை வகையிட்டுப் போட்டால் 2ஏ·இ^எக்ஸ் மட்டும் மிஞ்சும், ஏ = 1/2.

ஒய்″ − 2ஒய்′ + ஒய் = இ^எக்ஸ் என்றால் எக்ஸ்-ஆல் பெருக்கினாலும் போதாது. துணைச் சமன்பாட்டில் 1 என்ற மூலம் இரண்டு முறை வருவதால் எக்ஸ்·இ^எக்ஸ்-உம் நிரப்புச் சார்பிலேயே இருக்கிறது. எக்ஸ்²-ஆல் பெருக்க வேண்டும். அதனால்தான் நிரப்புச் சார்பை முதலில் எழுதிவிட்டு அப்புறம் யூகிக்கச் சொல்வது. ஏன் இப்படி எக்ஸ் வந்து ஒட்டுகிறது என்று கேட்பவர்கள் ஊஞ்சலை நினைத்துப் பார்க்கலாம். ஊஞ்சலின் சொந்தத் தாளத்திலேயே தள்ளினால் வீச்சு ஏறிக்கொண்டே போகிறது அல்லவா? உராய்வில்லாத அதிர்வுச் சமன்பாட்டில் அந்த ஏற்றத்தைத் தருவது இதே கூடுதல் காரணிதான். அங்கே எக்ஸ்-க்குப் பதில் நேரம் நிற்கும்.

தொகையீட்டுக் காரணியால் பெருக்கியும் இடப்பக்கம் ஒன்றுசேரவில்லை

ஒய்′-க்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எக்ஸ்·ஒய்′ + 2ஒய் = எக்ஸ்² என்ற கணக்கில் 2-ஐ எடுத்துக்கொண்டு இ^(2எக்ஸ்) என்று காரணி போடுகிறார்கள். முதலில் எக்ஸ்-ஆல் வகுத்து ஒய்′-ஐத் தனியாக நிறுத்த வேண்டும்: ஒய்′ + (2/எக்ஸ்)ஒய் = எக்ஸ். இப்போது காரணி எக்ஸ்². பெருக்கினால் இடப்பக்கம் (எக்ஸ்²·ஒய்)′ என்று அழகாக மடங்கும், வலப்பக்கம் எக்ஸ்³. ஒய் = எக்ஸ்²/4 + சி/எக்ஸ்². இங்கேயும் சி எக்ஸ்²-ஆல் வகுபட்டுத்தான் வருகிறது, கவனித்தீர்களா?

பகுதித் தொகையிடல் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருகிறது

இ^எக்ஸ்·சைன் எக்ஸ் என்றால் அப்படித்தான் வரும், வர வேண்டும். இரண்டு முறை செய்ததும் தொடங்கிய தொகையே எதிர்க்குறியோடு திரும்பும். அதை ஒரு தெரியாத எண்ணைப் போல நினைத்து இடப்பக்கம் கொண்டுவந்து 2-ஆல் வகுத்தால் விடை: இ^எக்ஸ்(சைன் எக்ஸ் − காஸ் எக்ஸ்)/2, கூட ஒரு மாறிலி.

ஆனால் திரும்பி வந்தது நேர்க்குறியோடு வந்து எல்லாம் அடிபட்டு 0 = 0 என்று நின்றால், இரண்டாவது முறையில் பாத்திரங்களை மாற்றிவிட்டீர்கள். முதல் முறை சைனை வகையிட்டு இ^எக்ஸ்-ஐத் தொகையிட்டீர்கள் என்றால், இரண்டாவது முறையும் காஸை வகையிட்டு இ^எக்ஸ்-ஐத்தான் தொகையிட வேண்டும். மாற்றினால் போன வழியிலேயே வீடு திரும்பியதாகிவிடும்.

வேடிக்கைக்கு ஒன்று: 1/எக்ஸ்-ஐ 1/எக்ஸ் பெருக்கல் 1 என்று வைத்துப் பகுதித் தொகையிடல் செய்து பாருங்கள். 0 = 1 என்று வரும். எங்கே ஓட்டை என்று கண்டுபிடித்துவிட்டால் மேலே சொன்ன மாறிலிக் கதை உங்களுக்கு முழுதாகப் புரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

விடை அபத்தமாக இருக்கிறது

எங்கேயாவது 0.01745 என்ற எண் தலைகாட்டினால் கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறது. ரேடியனுக்கு மாற்றுங்கள். நுண்கணிதத்தில் சைனின் வகைக்கெழு காஸ் என்பதே ரேடியனில் மட்டும்தான் உண்மை.

எங்கும் நேர்க்குறியாக இருக்கும் சார்பின் வரையறுத்த தொகை எதிர்க்குறியில் வந்ததா? 1/எக்ஸ்²-ஐ −1 முதல் 1 வரை கண்ணை மூடிக்கொண்டு போட்டால் −2 வரும். நடுவில் 0-இல் சார்பு வெடிக்கிறது, அதைத் தாண்டிக் குதித்துவிட்டீர்கள். அங்கே உடைத்து எல்லை எடுத்துப் பார்த்தால் அந்தத் தொகை ஒருங்காது, அதாவது ஒரு முடிவான எண்ணாக வராது என்று தெரியும்.

எல்லைக் கணக்கில் விடை பொருந்தவில்லை என்றால், லோபிதால் விதியைப் (மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் தனித்தனியாக வகையிட்டு எல்லை எடுப்பது) போடும் முன் 0/0 அல்லது முடிவிலி/முடிவிலி இருக்கிறதா என்று பார்த்தீர்களா? (எக்ஸ் + 1)/(எக்ஸ் + 2) என்பதில் எக்ஸ் 0-ஐ நெருங்கினால் விடை 1/2. விதியைப் போட்டால் 1 என்று வரும். அது விதியின் குற்றம் இல்லை. (இந்த விதி லோபிதால் 1696-இல் வெளியிட்டது. அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் யோஹான் பெர்னூலி. பெயர் என்னவோ சம்பளம் கொடுத்தவருக்குப் போய்விட்டது.)

நண்பருக்கு ஒரு தீர்வு, எனக்கு ஒரு தீர்வு, இரண்டுமே பொருந்துகிறது

முதலில், எதனாலாவது வகுத்தீர்களா என்று பாருங்கள். ஒய்′ = ஒய்² என்பதில் ஒய்²-ஆல் வகுத்த அந்த நொடியே ஒய் = 0 என்ற தீர்வு காணாமல் போகிறது. மிச்சம் கிடைக்கும் −1/(எக்ஸ் + சி) என்ற கூட்டத்தில் எந்த சி-யைப் போட்டாலும் அது திரும்பி வராது. வகுக்கும் வரியின் ஓரத்தில் "ஒய் = 0 இல்லை என்றால்" என்று எழுதிவைத்து, கடைசியில் அந்த விடுபட்டதைத் தனியாகச் சோதியுங்கள்.

வகுத்தல் தப்பு இல்லாமலும் இரண்டு தீர்வு வரலாம். ஒய்′ = 3·ஒய்^(2/3), எக்ஸ் = 0-இல் ஒய் = 0. இதற்கு ஒய் = 0-உம் தீர்வு, ஒய் = எக்ஸ்³-உம் தீர்வு. ஒரே சமன்பாடு, ஒரே நிபந்தனை, இரண்டு விடை. வலப்பக்கத்தை ஒய்-ஐப் பொறுத்து வகையிட்டால் ஒய் = 0-இல் அது எல்லையில்லாமல் பெருகுகிறது. தீர்வு ஒன்றே ஒன்றுதான் என்று உறுதி தரும் தேற்றத்தின் நிபந்தனை அங்கே உடைகிறது. தேற்றத்தை மனப்பாடம் செய்வதைவிட இந்த ஒரு எடுத்துக்காட்டை ஞாபகம் வைத்திருப்பது மேல். இப்படிப்பட்ட சமன்பாடுகளை ஜியோஜீப்ரா என்ற வரைபடச் செயலியில் சாய்வுப் புலமாக (ஒவ்வொரு புள்ளியிலும் சாய்வைச் சிறு கோடாகக் காட்டும் படம்) வரைந்து பாருங்கள். வளைகோடுகள் எங்கே ஒன்றையொன்று தொடுகின்றன என்பது கண்ணுக்கே தெரியும்.

ஆப் விடை தந்துவிட்டது, எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை

உல்ஃப்ராம் ஆல்ஃபா, சிம்பை (பைத்தான் நிரல்மொழியின் கணிதத் தொகுப்பு) போன்றவை விடையைச் சரிபார்க்க அருமையான கருவிகள். முறை கற்றுக்கொள்ள அவ்வளவு இல்லை. அவை போகும் வழி உங்கள் வகுப்பில் சொல்லித்தந்த வழியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. இரண்டுமே 1/எக்ஸ்-இன் தொகைக்கு மட்டுக்குறி இல்லாமல் வெறும் லாக் எக்ஸ் என்று காட்டும், ஏனென்றால் அவை சிக்கலெண்களையும் மனதில் வைத்துக் கணக்கிடுகின்றன. சிம்பை தொகையிட்டால் மாறிலியையும் சேர்க்காது. இதெல்லாம் தெரியாமல் அப்படியே எடுத்து எழுதினால், திருத்துபவருக்கு முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும்.

உரையாடும் செயற்கை நுண்ணறிவு ஆப்களின் சிக்கல் வேறு. ஆறு வரி சரியாகப் போய் ஏழாவது வரியில் குறி ஒன்றைத் தவறவிட்டு, அதே தெம்போடு முடிவுக்கு வந்துவிடும். அதனால் தீர்வைக் கேட்காதீர்கள். உங்கள் சொந்த வேலையை வரி எண்ணோடு கொடுத்து, "முதல் தப்பான வரி எது என்று மட்டும் சொல், திருத்தித் தராதே" என்று கேளுங்கள். வரும் பதிலை வகையிட்டோ சமன்பாட்டில் போட்டோ நீங்களே சோதியுங்கள்.

மதிப்பெண் உள்ள அசைன்மென்ட் என்றால் எந்த உதவி அனுமதி, எது இல்லை என்று பாடத்திட்ட அறிவிப்பில் ஒருமுறை படித்துவிடுங்கள். எனக்குத் தெரிந்த பாதுகாப்பான வழி: கேள்வியின் ஒன்றுவிட்ட சகோதரனைத் தயாரித்துக்கொள்வது. எண்களை மாற்றி, சைனைக் காஸாக்கி, அந்தக் கணக்குக்கு உதவி கேளுங்கள். அது புரிந்தால் உங்களுடையதை நீங்களே போட்டுவிடலாம். போட முடியவில்லை என்றால் அதுவும் புரியவில்லை என்று தெரிந்துபோகும்.

கேட்டேன், யாரும் உதவவில்லை

எப்படிக் கேட்டீர்கள்? "இந்தக் கணக்கு எப்படிப் போடுவது?" என்றால் பதில் சொல்பவர் ஒரு பாடமே எடுக்க வேண்டும். யாருக்கு நேரம் இருக்கிறது? இதைப் பாருங்கள்:

"எக்ஸ்·ஒய்′ + 2ஒய் = எக்ஸ்². நேரியல் என்று எடுத்துக்கொண்டு இ^(2எக்ஸ்)-ஆல் பெருக்கினேன். மூன்றாவது வரியில் இடப்பக்கம் ஒரே வகைக்கெழுவாக மாறவில்லை. காரணி தப்பா, பெருக்கியது தப்பா?"

இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லலாம்: "முதலில் எக்ஸ்-ஆல் வகுங்கள்." பேருந்தில் நின்றுகொண்டே பதில் போட்டுவிடுவார்கள். கேள்வியை முழுதாக எழுத வேண்டும், நிபந்தனைகளை விடக்கூடாது. நீங்கள் செய்தது எதுவரை, எது எதிர்பார்த்தபடி நடக்கவில்லை, உங்கள் சந்தேகம் எதன்மீது, இவ்வளவும் இருக்க வேண்டும். படம் அனுப்பினால் வெளிச்சத்தில், நேராக, வரி எண் போட்டு. இப்படி எழுத உட்கார்ந்தவர்களில் பலர் அனுப்புவதற்கு முன்பே தப்பைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். எனக்கு "விடுங்க, கிடைச்சிடுச்சு" என்று வரும் செய்திகள் அதற்குச் சாட்சி.

யாரிடம் கேட்பது என்பதும் அறிகுறியைப் பொறுத்தது. குறி, கூட்டல், பின்னம் போன்ற தப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பர் போதும், புதுக் கண் இருந்தாலே சரி. வகை பிடிபடவில்லை என்றால் உதவி ஆசிரியர், அல்லது பல்கலைக்கழகத்தில் கணித உதவி மையம் இருந்தால் அது. "ஏன் இந்த முறை வேலை செய்கிறது" என்ற கேள்வியை மட்டும் விரிவுரையாளரிடமே கொண்டுபோங்கள், சந்திப்புக்கென்று அவர் ஒதுக்கிய நேரத்தில். சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தின நாள் அந்த அறையின் வாசலில் வரிசை நிற்கும். நான்கு நாள் முன்னால் போனால் பெரும்பாலும் நாற்காலி காலியாக இருக்கும். அரைகுறையாகப் போட்ட தாளைக் கையில் எடுத்துப் போங்கள். வெறுங்கையோடு போனால் அவரும் பாடத்தை முதலிலிருந்துதான் தொடங்குவார். முழுப் பாடத்தையுமே திரும்பக் கேட்க வேண்டிய நிலை என்றால் எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேரில் ஒருமாறி நுண்கணிதத்துக்கும் வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கும் முழு விரிவுரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

தீர்வைப் படித்தால் புரிகிறது, தானாகப் போட வரவில்லை

படித்தால் புரிவது இயல்புதான். அடுத்து என்ன செய்வது என்ற முடிவை ஒவ்வொரு வரியிலும் வேறு யாரோ உங்களுக்காக எடுத்து வைத்திருக்கிறார்கள். தீர்வை ஒரு தாளால் மூடி, ஒவ்வொரு வரியாக இறக்குங்கள். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் "அடுத்து என்ன?" என்று நீங்களே எழுதிவிட்டுத் திறந்து பாருங்கள். எங்கே உங்கள் ஊகம் தவறியதோ, அந்த வரியின் பக்கத்தில் மட்டும் காரணம் எழுதுங்கள். மறுநாள் அதே கணக்கை வெள்ளைத் தாளில் போடுங்கள். மறுநாள் என்பது முக்கியம். அன்றே போட்டால் கை ஞாபகத்தில்தான் ஓடும்.

ஒவ்வொரு கணக்கிலும் வேறு வேறு இடத்தில் தப்பு

அப்படியானால் அநேகமாக நுண்கணிதம் பிரச்சினையே இல்லை. அதற்குக் கீழே இருக்கும் இயற்கணிதம். 1/(ஏ + பி)-ஐ 1/ஏ + 1/பி என்று உடைப்பது, √(ஏ² + பி²)-ஐ ஏ + பி ஆக்குவது, லாக்(ஏ + பி)-ஐ லாக் ஏ + லாக் பி என்று பிரிப்பது, அடைப்புக்குறிக்கு முன்னால் இருக்கும் கழித்தல் குறி முதல் உறுப்போடு நின்றுவிடுவது. நல்ல மாணவர்களுக்கும் களைத்துப்போனால் வரும். ஏ = 1, பி = 1 என்று போட்டுப் பார்த்தால் முதல் மூன்றும் ஐந்து நொடியில் அம்பலமாகும்: 1/2 எங்கே, 2 எங்கே?

திருத்தி வந்த பழைய தாள்கள் ஐந்தாறை எடுத்து, ஒவ்வொரு தப்பையும் ஒரு சொல்லில் பெயரிட்டு ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: குறி, பின்னம், மாறிலி, சங்கிலி விதி, வகை. பட்டியலில் ஒரே சொல் நான்கு முறை வந்திருக்கும். அந்தச் சொல்லைத் துண்டுச் சீட்டில் எழுதி, அடுத்த அசைன்மென்ட் போடும்போது தாளுக்கு மேலே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கணக்கும் முடிந்ததும் அதை மட்டும் ஒருமுறை சரிபாருங்கள்.